அம்மா போட்ட ஒரே புள்ளடி

என்ர அம்மா தன்ர சீவியத்தில ஒரேயொருக்காத்தான் வோட்டுப் போட்டவ. அந்த ஒரு வோட்டையும் பழுதாக்கினது நான்தான். இதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். இல்லையெண்டால் கடைசியில வெக்கப்பட்டு விழுங்கிப்போடுவன். என்ர குணம் எனக்குத் தெரியும்.

ஊரில அவவுக்கு வோட்டு வயது வந்து நடந்த முதல் எலக்சனுக்கு, பெட்டிக்குள்ள கிடந்த நல்ல சீலையை எடுத்து உடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவவாம். வெயிலுக்க இரண்டு மணித்தியாலம் வரிசை. உள்ளுக்க போனால், மேசையில இருந்தவர் வாக்காளர் இடாப்பைப் பாத்துப்போட்டு, "உங்கட வோட்டைப் போட்டாச்சு தங்கச்சி" எண்டாராம். ஆர் போட்டது எண்டு கேட்டதுக்கு அவர் பின்னுக்கு நிண்ட ஆளைக் கூப்பிட்டிட்டார். அம்மா அந்தச் சீலையோடயே திரும்பி நடந்து வந்திருக்கிறா. இந்தக் கதையை எத்தினை தரம் சொல்லியிருப்பா எண்டு எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொருமுறையும் "நான் உள்ளுக்க போக முந்தி ஆரோ நானாய்ப் போட்டிட்டுப் போட்டான்" எண்டு சொல்லி முடிப்பா.

பிறகு சண்டை வந்தது, ஓட்டம் வந்தது, ஜெர்மனி வந்தது. இஞ்ச வந்தும் முதல் கொஞ்ச வருசம் "இப்போதைக்கு உங்களை அனுப்பேல்லை" எண்டு சொல்லுற கடதாசிதான். அதுக்குப் பிறகு தங்குற கடதாசி. காலமை பள்ளிக்கூடம் துப்புரவாக்கி, பின்னேரம் கந்தோர் துப்புரவாக்கி, எங்கள் இரண்டு பேரையும் படிப்பிச்சு விட்டா. நான் பத்து வயதில வந்தனான், தம்பி இஞ்ச பிறந்தவன். குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுங்கோ அம்மா எண்டு நாங்கள் இருவது வருசம் கத்தினம். "பாசை வராதே பிள்ளை" எண்டு தட்டிக் கழிச்சுக்கொண்டே இருந்தா. கடைசியில இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கிற இடத்தில நாலு மணித்தியாலம் கட்டில்ல கிடக்கத் தொடங்கினாப் பிறகுதான், அந்தக் கட்டில்ல கிடந்தபடியே படிச்சு, சோதினை எழுதிப் பாஸ் பண்ணினா. அடையாள அட்டை கையில வந்த அண்டைக்கு அவ கேட்ட முதல் கேள்வி, "அப்ப எனக்கு வோட்டு எப்ப?" எண்டதுதான்.

அந்த நேரம் பாத்துத்தான் எங்கட மாநிலத்தில அந்தக் கோதாரி விழுந்த வாக்கெடுப்பு வந்தது. மாநில எலக்சன் நடக்கிற முறையையே மாத்திறதுக்கு மக்களிட்டக் கேக்கிற வாக்கெடுப்பு. இருந்த முறை லேசு: ஒரு ஆளுக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி, ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடி, முடிஞ்சுது. வரப்போற முறையில ஆளுக்குப் பத்து வோட்டு. பத்தையும் ஒருத்தருக்கே குவிக்கலாம், பத்துப் பேருக்குப் பிரிச்சும் போடலாம், ஒரு கட்சியில இரண்டு, மற்றதில மூண்டு எண்டும் போடலாம். சீட்டு எண்டதே இல்லை, புத்தகம். சந்தையடியில ஆதரவுக்காரர் மேசை போட்டு மாதிரிப் புத்தகம் குடுத்தாங்கள். நான் ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குக் காட்டினன். அவ மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு ஒற்றையாத் தட்டிப்போட்டு, "இது ரயில் நேர அட்டையோ பிள்ளை?" எண்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருசமா நான் எலக்சனுக்கு எங்கட வட்டாரப் பள்ளிக்கூடத்தில மேசையில இருந்து உதவி செய்யிறனான். இரண்டு புள்ளடி போடுற சீட்டிலயே எத்தினை பேர் பிழை விடுறவை எண்டதை நான் கண்ணால பாத்தனான். வயசானதுகள், பாசை வராததுகள், நாள் முழுக்க வேலை செய்துபோட்டு அரைக் கண்ணோட வாறதுகள். பத்து வோட்டுப் புத்தகத்தைக் குடுத்தால் ஆர் வடிவாப் போடுவினம்? பல்கலைக்கழகம் போனவையும், சைக்கிள்ல வேலைக்குப் போற இஞ்சினியர்மாரும். அவையின்ர பத்தும் செல்லும். என்ர அம்மாவின்ர பத்தும் குப்பைக்குள்ள. இதுக்குப் பேர் "கூடுதல் தெரிவு" எண்டு போஸ்டர் ஒட்டினாங்கள், விசர் பிடிச்சவங்கள்.

தம்பி மற்றப் பக்கம். அவன் கணினி படிச்சவன், எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வைச்சிருப்பான். "அக்கா, கொஞ்சம் யோசியுங்கோ. இப்ப கட்சி ஆரை மேல போடுதோ அவையள்தான் வருவினம். எங்கட ஆள் ஒருத்தர் லிஸ்டில முப்பதாவதா நிண்டாலும், நாங்கள் பத்து வோட்டையும் அவருக்குக் குவிச்சால் மேல வரலாம்" எண்டான். அது பொய்யில்லை.

அம்மாதான் மறுமொழி சொன்னா. "ஊரிலயும் உப்பிடித்தான் விருப்பு வாக்கு எண்டு கொண்டுவந்தவங்கள். பிறகு ஒரே கட்சிக்காரன் ஒருத்தன்ர நோட்டீசை மற்றவன் கிழிச்சுக்கொண்டு திரிஞ்சான் எண்டு உங்கட மாமா காயிதம் எழுதினவர்." பிறகு தன்ர கையை நீட்டிக் காட்டினா. ஊசி ஏத்தி ஏத்தி வீங்கின கை, சும்மா இருக்கேக்கயே நடுங்கும். "தம்பி, இந்தக் கையால ஒரு புள்ளடி போடலாம். பத்து ஏலாது." அவன் மாதிரிப் புத்தகத்தை மூடி ஒரு பக்கம் வைச்சான். அவன் நல்ல பெடியன்.

நான் கட்சி கிட்சி ஒண்டிலயும் இல்லை. ஆனால் இதை விடக்கூடாது எண்டு நிண்டன். ஞாயிற்றுக்கிழமையில கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில, பூசை முடிஞ்சு சாப்பாடு குடுக்க முந்தி, அரை மணித்தியாலம் கதைக்க விட்டினம். எங்கட கோயில் ஒரு டயர்க்கடைக்குப் பின்னால இருக்கிற கொட்டகை. அதில குடியுரிமை எடுத்து வருசக்கணக்காகியும் வோட்டுப் போடாத அன்ரிமார், மாமாமார் நிறைய. "எங்களுக்கு என்ன விளங்குது பிள்ளை, பிழையாப் போட்டால் பொலிஸ் வருமோ?" எண்டு கேட்டா ஒரு அன்ரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவையளுக்காகத்தான் அந்தத் தாளைச் செய்தனான். ஒரு சனிக்கிழமை பின்னேரம், குசினி மேசையில, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேல பிள்ளையார் சுழி போட்டு, அதுக்குக் கீழ வாக்குச்சீட்டை அப்பிடியே அடிமட்டம் வைச்சுக் கீறினன். கேள்வியை ஜெர்மனில எழுதி, பக்கத்தில சின்னனாத் தமிழில எழுதினன். மாத்தலாம், யா எண்டதுக்கு ஒரு வட்டம், மாத்த வேண்டாம், நைன் எண்டதுக்கு ஒரு வட்டம். நைன் வட்டத்துக்குள்ள ஒரு வடிவான புள்ளடி. வேலையிடத்தில மேலாளரிட்டக் கேட்டுப்போட்டு நாப்பது கொப்பி அடிச்சன். மண்டபத்தில ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்து, "இதைப் பாத்துப் பழகுங்கோ. இதில இருக்கிற மாதிரியே போடுங்கோ. ஒரு வட்டம், ஒரு புள்ளடி. இதில பிழை விட ஏலாது" எண்டு சொன்னன். இரண்டு தரம் சொன்னன்.

ஒரு தாளை அம்மா பிரிஜ் கதவில காந்தம் வைச்சுக் கொழுவினா. பழைய விளம்பரத் தாளுகளின்ர பின்பக்கத்தில அதைப் பாத்துப் பாத்துக் கீறிப் பழகினா. நான் வேலையால வரேக்க மேசையில நாலஞ்சு கிடக்கும். "சரியோ பிள்ளை?" எண்டு கேப்பா. நான் சப்பாத்துக் கழட்டினபடியே, புள்ளடி வட்டத்துக்குள்ள இருக்கோ எண்டு மட்டும் பாத்துப்போட்டு, "நல்ல வடிவு அம்மா" எண்டு சொல்லுவன். புள்ளடியை மட்டுந்தான் பாத்தனான். கடவுளே, கொஞ்சம் கண்ணை மேல தூக்கியிருக்கக் கூடாதோ?

தபாலில போடுங்கோ, ஏன் இந்த உடம்போட அலையிறியள் எண்டு கேட்டன். "போடி. நான் நேர போய், என்ர கையால பெட்டிக்குள்ள போடோணும். இந்தமுறை எனக்கு முந்தி ஒருத்தனும் போடேலாது" எண்டா.

வாக்கெடுப்பு அண்டைக்குத் தம்பி அவவைத் தள்ளுவண்டியில கூட்டிக்கொண்டு வந்தான். குளிர் கோட்டுக்குள்ள அரக்குப் பட்டுச்சீலை. நான் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில, இடாப்பு மேசையில இருந்தனான். அம்மா என்னட்ட வந்து, என்னை முன்னப்பின்னத் தெரியாத ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்து, "குட்டன் மோர்கன்" எண்டு ஜெர்மனில வணக்கம் சொல்லி, அடையாள அட்டையை நீட்டினா. எனக்குப் பக்கத்தில இருந்த ஜெர்மன்காரி சிரிச்சுப்போட்டா. நான் அம்மாவின்ர பேரைத் தேடி, கோடு போட்டுக் குறிச்சன். அவ குனிஞ்சு அந்த இடாப்பைப் பாத்தா. "முந்தி ஒருத்தரும் போடேல்லையோ?" எண்டு தமிழில மெல்லக் கேட்டா. "இல்லை அம்மா, உங்களுக்குத்தான் வைச்சிருக்கு" எண்டு சொன்னன்.

தம்பியை மறைப்புக்குள்ள வரவேண்டாம் எண்டு கையால மறிச்சுப்போட்டு, தான் எழும்பிப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போனா. கனநேரம் நிண்டா. வெளிய வந்து, நாலா மடிச்ச சீட்டைப் பெட்டிக்குள்ள போட்டு, போட்ட பிறகு பெட்டியின்ர மூடியில இரண்டு தட்டுத் தட்டினா, குழந்தைப்பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி. நான் குனிஞ்சு இடாப்பைப் பாத்துக்கொண்டிருந்தன்.

ஆறு மணிக்கு வோட்டுப் போடுறதை நிப்பாட்டினம், எண்ணுறதை ஆரும் வந்து பாக்கலாம் எண்டபடியால் கதவைப் பூட்டேல்லை. பெட்டியைக் கவிழ்த்து, யா ஒரு குவியல், நைன் ஒரு குவியல், சந்தேகமானதுகள் ஒரு பக்கம் எண்டு பிரிச்சம். எங்கட மேசைக்குத் தலைவர் ஓய்வெடுத்த ஒரு வாத்தியார், நல்ல மனிசன். சந்தேகச் சீட்டுகளை ஒவ்வொண்டா உயர்த்திக் காட்டி, செல்லுமோ செல்லாதோ எண்டு எங்களிட்ட வோட்டுக் கேட்டார். ஒண்டில ஆரோ அரசாங்கத்துக்குத் தூசணம் எழுதியிருந்தாங்கள், ஒண்டில இரண்டு வட்டத்திலயும் புள்ளடி. மூண்டாவதா எடுத்ததில நைன் வட்டத்துக்குள்ள ஒரு புள்ளடி. முதல் கோட்டை நடுங்கி நடுங்கி இரண்டு தரம் இழுத்திருந்தது, பென்சில் தாளைத் துளைச்சிருந்தது. தாளின்ர மேல, நடுவில, சின்னதா, வடிவா ஒரு பிள்ளையார் சுழி.

அந்த நடுக்கக் கோட்டை எங்கட குசினி மேசையில நான் எத்தினையோ தரம் பாத்திருக்கிறன்.

தலைவர், "பென்சில் எழுதுதோ எண்டு ஆரோ கீறிப் பாத்திருக்கினம். எனக்கெண்டால் இது செல்லும்" எண்டார். அவ்வளவுதான், அதோட விட்டிருந்தால் முடிஞ்சுது. முன்னுக்கு இருந்தவ ஒரு கந்தோர்க்காரி, நுணுக்கம் பாக்கிறவ. சீட்டைக் கிட்டப் பிடிச்சு, "இது கீறினதில்லை, எழுதினது" எண்டா. பிறகு என்னைப் பாத்து, மரியாதையாத்தான், "இது உங்கட பாசை எழுத்தோ?" எண்டு கேட்டா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தினம்.

தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். இரண்டு மாசமா நைன் போடுங்கோ, நைன் போடுங்கோ எண்டு கோயில் மண்டபத்தில தொண்டை கிழியக் கத்தினவள், அந்த மேசையில ஒரு நைன் சொல்லேல்லை. காலமை நடுநிலையா நடப்பன் எண்டு வாக்குக் குடுத்தனான், அது ஒண்டு. மற்றது, இதைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு, என்னட்ட ஆரும் எங்கட எழுத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் நிக்காது. "ஓம். எங்கட சனம் எதையும் எழுதத் தொடங்க முந்தி கடவுளுக்கு எண்டு போடுற அடையாளம்" எண்டு, விளக்கமாச் சொன்னன். பெருமையோட சொன்னன். சொல்லி முடிச்ச பிறகுதான் தலைவரின்ர முகத்தைப் பாத்தன்.

அவர் கண்ணாடியைக் கழட்டினார். "அப்ப இது மேலதிகமா எழுதினது. அதோட, ஆர் எழுதினது எண்டும் ஓரளவுக்குத் தெரிய வருது. எனக்குக் கவலைதான், ஆனால் விதி விதிதானே" எண்டார். செல்லாது எண்டிறவை கையை உயர்த்துங்கோ எண்டு கேட்டார். எல்லாற்ற கையும் உயர்ந்தது. என்ர கையும். ஆரும் பிடிச்சு உயர்த்தேல்லை, நானேதான் உயர்த்தினன். அறிக்கை எழுதிறதும் அண்டைக்கு என்ர வேலை. "செல்லாது, காரணம்: மேலதிக அடையாளம்" எண்டு என்ர அம்மாவின்ர வோட்டுக்கு நானே எழுதிக் குடுத்தன்.

வீட்டுக்குப் போகேக்க முடிவு ரேடியோவில வந்திட்டுது. மாநிலம் முழுக்க யாப் பக்கம் வெண்டிட்டுது. தம்பி போன் பண்ணினான். பாவம், வெண்ட சந்தோசத்தைக் குரலில காட்டாமல், "அக்கா, சாப்பிட்டிட்டியளோ?" எண்டு மட்டும் கேட்டு வைச்சான்.

அம்மா பட்டுச்சீலை மாத்தாமல் குசினிக் கதிரையில இருந்தா. எனக்குத் தேத்தண்ணி ஊத்தி, தட்டால மூடி வைச்சிருந்தா.

"தோத்துப் போனம் அம்மா" எண்டன்.

"கேட்டனான். தோத்தால் தோத்ததுதான். என்னையும் எண்ணித்தானே தோத்தது." அவவின்ர முகத்தில கவலையே இல்லை. நான் ஒருநாளும் காணாத ஒரு நிம்மதி. "என்ரயை எண்ணினவையோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"நீ பாத்தனியோ?"

"ஓம். பாத்தனான்."

"அதுதானே. நீ தந்த தாளில கிடந்த மாதிரியே, ஒண்டும் விடாமல் போட்டனான். எனக்கெண்டால் வழக்கமா உதுகளில சுழி போடுற பழக்கமில்லை, உங்கட அரசாங்கக் கந்தோர்க் கடதாசி எல்லாத்தையும் சும்மாதானே நிரப்புறனான். நீ போட்டிருந்தாய், அப்ப வோட்டுக்குப் போடோணுமாக்கும் எண்டு நினைச்சுப் போட்டனான்."

நான் பிரிஜ் கதவைப் பாத்தன். காந்தத்துக்குக் கீழ என்ர தாள். மேல, நடுவில, சின்னதா, வடிவா. பள்ளிக்கூடத்தில பழகின என்ர கை, என்னைக் கேளாமல் போட்ட சுழி. இதில இருக்கிற மாதிரியே போடுங்கோ எண்டு நாப்பது பேருக்குச் சொன்னனான், இரண்டு தரம் சொன்னனான். புத்தகம் வந்தால் எங்கட சனத்தின்ர வோட்டுக் குப்பைக்குள்ள போகும் எண்டு கத்தினவள், புத்தகம் வர முந்தியே அவையின்ர வோட்டைக் குப்பைக்குள்ள போட வழி காட்டிக் குடுத்திருக்கிறன். எத்தினை பேர் சுழியோட போட்டவை, எத்தினை மேசையில எத்தினை பேர் கை உயர்த்தினவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கேக்கவும் இல்லை. கோயில்ல என்னைக் கண்டால், "நீ சொல்லித் தந்தபடியால்தான் பிள்ளை நாங்களும் வோட்டுப் போட்டம்" எண்டு கையைப் பிடிக்கினம்.

நான் எழும்பிப் போய் காந்தத்தைக் கழட்டித் தாளைக் கையில எடுத்தன். கிழிக்கத்தான் எடுத்தனான்.

"அதை ஏன் எடுக்கிறாய்? கிடக்கட்டும்" எண்டா அம்மா. "அடுத்தமுறை போடேக்க எனக்குப் பாக்க வேணும்."

தாளை நிமித்தி, திரும்பக் காந்தம் வைச்சன்.